விழுந்து எழுந்தவர் சொல்லும் பாடம்

பாடசாலை மண்டபங்களிலே வீதி விபத்தைப் பற்றிச் சொற்பொழிவு நடைபெறுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். மேசைமீது வெள்ளைத் துணி விரித்து, பூச்சாடி ஒன்று வைத்திருப்பார்கள். அதிகாரி ஒருவர் வருவார். மாலை மரியாதைகள் முடிந்தபின், சட்டப் பிரிவுகளையும் தண்டப் பணத்தையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். முன்வரிசைச் சிறுவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்வரிசையில் அமர்ந்த பெரிய மாணாக்கரோ, சாளரத்தின் வழியே எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நன்றியுரை முடியும், மணி அடிக்கும். அன்று மாலையே அந்தப் பின்வரிசை மாணாக்கரில் ஒருவன் அண்ணனுடைய மோட்டார் சைக்கிளை எடுத்து, நண்பர் இருவரைப் பின்னே ஏற்றி, தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு, மலை முடக்குகளிலே பறப்பான்.

அதிகாரி சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் அது அந்த இளைஞனின் காதோடு நின்றுவிட்டது, நெஞ்சில் இறங்கவில்லை. காரணம் யாது? இளமைக்கு ஓர் இயல்பு உண்டு. விபத்து என்பது பிறருக்கு நேர்வது. தனக்கு நேராது என்பதே அதன் உறுதியான நம்பிக்கை. சட்டமும் புள்ளிவிவரமும் அந்த நம்பிக்கையை எளிதில் அசைப்பதில்லை. அதனை அசைக்க வல்லவர் ஒருவர் உண்டு. அவர் தாமே விழுந்து, தலையில் அடிபட்டு, பல மாதங்கள் போராடி எழுந்து நிற்பவர்.

அத்தகையவர் ஒருவர் மேடையேறி மாணாக்கரிடம் பேசினால் எப்படி இருக்கும்? இந்த வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

இஸ்தோப்பில் அமர்ந்திருப்பவன்

ஹட்டனுக்கு அண்மையில் உள்ள தோட்டம் ஒன்றிலே நாம் அறிந்த குடும்பம் ஒன்று வாழ்கிறது. தாய் கொழுந்து பறிப்பவர். மூத்த மகன் கொழும்பிலே கடை ஒன்றில் வேலை பார்த்தான். தீபாவளிக்கு வீடு வந்தவன், நண்பனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி நகரத்துக்குப் புறப்பட்டான். பனிமூட்டம், மழையில் நனைந்த வீதி, எதிரே வந்த லொறி. நண்பனுக்குக் கை முறிந்தது. இவனுக்கோ வெளியில் பெரிய காயம் எதுவும் தெரியவில்லை. ஆனால் பல நாட்கள் நினைவு திரும்பவில்லை.

இன்று அவன் நடக்கிறான், உண்கிறான், பார்ப்பவருக்கு நல்ல வாலிபனாகவே தோன்றுகிறான். ஆயினும் கடைக்குச் சீனி வாங்கச் சென்றவன் பாதி வழியில் எதற்காக வந்தோம் என்று மறந்து நிற்கிறான். தப்பு ஒலி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு காம்பராவுக்குள் ஓடுகிறான். சிறு சொல்லுக்கும் பெருஞ்சினம் கொள்கிறான். அடுத்த நாழிகையில் அழுகிறான். "கையும் காலும் நல்லாத்தாங்க இருக்கு ஐயா, ஆனா இவன் பழைய ஆளு இல்லைங்க" என்று அந்தத் தாய் நம்மிடம் கூறியபோது, தன் மகன் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

லயத்தார் சிலர் முனி அடித்துவிட்டது என்றனர். கோடாங்கி பார்க்கப்பட்டது, கோழி காவு கொடுக்கப்பட்டது. வேறு சிலர், வேலைக்குப் போக மனமில்லாத சோம்பேறி என்றனர். இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையில் அந்த இளைஞன் இஸ்தோப்பின் ஓரத்திலே நாள் முழுதும் அமர்ந்திருக்கிறான்.

இத்தகையோர் நம் மலைநாட்டிலே ஒருவர் இருவர் அல்லர். விபத்து நேர்ந்தால் பத்திரிகைகள் இறந்தோரை எண்ணிச் சொல்கின்றன. 2023 ஜனவரி 20ஆம் நாள், நானுஓயாவை அடுத்த ரதல்லையில் பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு பேர் மாண்டனர். 2025 மே 11ஆம் நாள், கொத்மலைப் பகுதியில் ரம்பொடை கெரண்டிஎல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவற்றை நாம் மறக்கவில்லை. ஆனால் "படுகாயமுற்றோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர்" என்னும் ஒற்றை வரியோடு உயிர் தப்பியோரின் கதையை முடித்துவிடுகிறோம். உண்மையிலே அவர்களுடைய கதை அந்த வரிக்குப் பின்னரே தொடங்குகிறது.

அன்று காட்சிப் பொருள்

மூளை ஏறத்தாழ 1,400 கிராம் நிறையுடையது. கட்டித் தயிரைப் போன்று மென்மையானது. கபாலம் என்னும் பெட்டிக்குள் நீர் போன்ற திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. வேகமாகச் செல்லும் உடல் திடீரென நிறுத்தப்படும்போது, கபாலம் நின்றுவிடுகிறது; உள்ளிருக்கும் மூளை நிற்பதில்லை. அது முன் எலும்பில் மோதிப் பின் எலும்பிலும் மோதுகிறது. நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டு அறுகின்றன. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி பெரும்பாலும் அடிபடுகிறது. பொறுமை, திட்டமிடல், சினத்தை அடக்கல் ஆகியவற்றுக்கு அப்பகுதியே இருப்பிடம். ஆகவேதான் கையும் காலும் நன்றாக இருக்க, ஆள் மட்டும் மாறிவிடுகிறான். இது முனியின் வேலையும் அன்று; சோம்பலும் அன்று.

இந்த உண்மையை உலகம் அறிந்துகொண்டதும் ஒரு தொழிலாளியின் துன்பத்தால்தான். நம் நாட்டிலே ரயில் பாதை ஹட்டனை எட்டியது 1884இல். அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன், 1848 செப்டம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலே ரயில் பாதைக்காகப் பாறை உடைக்கும் கூட்டத்துக்குத் தலைவனாயிருந்தான் பினியாஸ் கேஜ் என்னும் 25 வயது இளைஞன். வெடிமருந்தை இடிக்கும் இரும்புக் கம்பி, வெடியின் வேகத்தில் அவனது இடக் கன்னத்தின் கீழ் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. கம்பியின் நீளம் மூன்றே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. நிறை 13 இறாத்தலுக்கும் மேல். ஆயினும் கேஜ் பிழைத்தான். அன்றே பேசவும் செய்தான். பின்னர் அவனுக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர் ஹார்லோ, நிதானமும் ஒழுங்கும் உடைய அந்த மனிதன் முன்கோபியாய் மாறிவிட்டதை எழுதிவைத்தார். இவன் இப்போது பழைய கேஜ் அல்லன் என்றே நண்பர்கள் கூறினராம். லயத்துத் தாய் சொன்ன சொல்லும் இதுவேயன்றோ!

பழைய வேலை கேஜுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நியூயார்க் நகரில் பார்னம் என்பவர் நடத்திய விந்தைப் பொருட்சாலையிலே, துளைத்த கம்பியோடு அவன் காட்சிப் பொருளாய் நின்ற காலமும் உண்டு. ஆனால் அக்கதை அத்துடன் முடியவில்லை. 1852இல் அவன் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்குச் சென்று, பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினான். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் செய்யவேண்டிய அவ்வேலை அவனைப் பெரிதும் திருத்தியிருக்க வேண்டும் என்று இக்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1860இல் அவன் காலமானான்.

அடிபட்ட மூளைக்கு மருந்து மட்டும் போதாது. செய்வதற்கு ஒரு பணியும், "நீ வேண்டியவன்" என்று சொல்லும் ஒரு சமூகமும் தேவை என்பதைக் கேஜின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

இன்று ஆசான்

காட்சிப் பொருளாய் நின்ற மனிதன் ஆசானாய் நிற்பதற்கு மேலும் நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1986ஆம் ஆண்டிலே அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் இரு சங்கங்கள் ஒன்றுகூடி, தலைக்காயத்தையும் முள்ளந்தண்டுக் காயத்தையும் தடுப்பதற்கென ஒரு முயற்சியைத் தொடங்கின. பின்னர் அது "திங்க் ஃபர்ஸ்ட்", அதாவது "முதலில் சிந்தி", என்னும் பெயரைப் பெற்றது. இரவு பகலாய்க் கபாலத்தைத் திறந்து சிகிச்சை செய்த வைத்தியர்களே, கத்தியை எடுப்பதைவிட விபத்தைத் தடுப்பது மேலென்று உணர்ந்து செய்த காரியம் அது. அவர்களுடைய முறை எளிது. முதலில் ஒருவர் மூளையைப் பற்றியும் காயத்தைப் பற்றியும் விளக்குவார். அடுத்து, அத்தகைய காயத்தோடு வாழ்கின்ற ஒருவர் எழுந்து தம் கதையைத் தாமே கூறுவார். இப்பேச்சாளர்களுக்கு அவர்கள் சூட்டிய பெயர், "காயத் தடுப்பின் குரல்கள்" என்பது.

அதே 1986இல் கனடாவின் ரொறன்ரோ நகரத்துச் சன்னிபுரூக் வைத்தியசாலையிலும் இத்தகைய முயற்சி ஒன்று தோன்றியது. ரொறன்ரோ என்றால் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அண்டை ஊர் போன்றது. அங்கே மாணாக்கரை ஒரு நாள் முழுதும் வைத்தியசாலைக்கு அழைத்து வருகிறார்கள். அம்புலன்ஸ் வண்டியிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவு, அங்கிருந்து அதிதீவிர சிகிச்சைப் பிரிவு, பின்னர் புனர்வாழ்வுப் பிரிவு என, காயமுற்றவன் செல்லும் வழியிலேயே அவர்களும் செல்கிறார்கள். அந்நாளின் நிறைவாக, அவ்வழியைத் தாமே கடந்து வந்தவர்களைச் சந்தித்து அவர்கள் கதையைக் கேட்கிறார்கள். அந்நிகழ்ச்சிக்கு அமைந்த சுருக்கப் பெயர் "பார்ட்டி" என்பது. விருந்துக்குப் போகும் வயதினர்க்கு ஏற்ற பெயர்தான்!

இதனாலே பயன் உண்டா? அதனையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்நிகழ்ச்சியில் பங்குபற்றிய ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கரை, பங்குபற்றாத அதே தொகையினரோடு பத்தாண்டுப் பதிவேடுகளைக் கொண்டு ஒப்பிட்டது. பங்குபற்றாதவர்களில் 100க்கு 47 பேர் ஏதேனும் காயமுற்றிருந்தனர்; பங்குபற்றியவர்களில் 43 பேர். வேறுபாடு நான்கே பேர். "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். ஒரு நாட் பேச்சு நூறு பேரில் நால்வரைக் காக்குமாயின், அது சிறிய காரியமா? அந்த நால்வரில் ஒருவன் நம் பிள்ளையாயின் இக்கேள்வி எழவே எழாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். வெறும் அச்சுறுத்தல் பயன் தருவதில்லை. அமெரிக்காவிலே சிறைக்கைதிகளைக் கொண்டு சிறுவர்களை மிரட்டித் திருத்த முயன்ற திட்டங்களை ஆய்ந்தபோது, குற்றம் குறையாததோடு கூடியதாகவும் கண்டார்கள். ஆகவே "என்னைப் பார், நீயும் இப்படி ஆவாய்" என்று சொல்வது பாடமாகாது. "நான் அன்று என்ன நினைத்தேன், எதைச் செய்யத் தவறினேன், நீ எதைச் செய்யலாம்" என்று சொல்வதே பாடம்.

சொல் குறைந்தாலும் பொருள் குறையாது

"மறதியுள்ளவன், நாக்குத் தடுமாறுகிறவன் மேடையில் என்ன பேசுவான்?" என்று வாசகர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. முள்ளந்தண்டு அடிபட்டவருக்கு உடல் கட்டுப்படுகிறது. அறிவு தெளிவாய் நிற்கிறது. தமிழ்நாட்டிலே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் நிறுவிய இராமகிருஷ்ணனையும், திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்னும் அமைப்பை நடத்தும் பிரீத்தி சீனிவாசனையும் நம்மிற் பலர் அறிவோம். முன்னவர் 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்விலே விழுந்தவர். பின்னவர் தமிழ்நாட்டு இளம் பெண்கள் கிரிக்கெட் அணியின் தலைவியாயிருந்து, 1998இல் புதுச்சேரிக் கடற்கரையில் கழுத்தில் அடிபட்டவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இவர்கள் பேசும் பேச்சு எத்தனையோ இளைஞரைத் தட்டி எழுப்பியிருக்கிறது. மூளை அடிபட்டவருடைய நிலை இதனினும் கடினம். பேச உதவும் கருவியே அங்குப் பழுதுபட்டிருக்கிறது.

எனினும் அவர்களும் பேசியிருக்கிறார்கள். 2011 ஜனவரியில் அமெரிக்க மக்கள் சபை உறுப்பினர் கேப்ரியேல் கிஃபர்ட்ஸ் அம்மையார் தலையில் சுடப்பட்டார். மூளையின் இடப்பக்கம் சிதைந்து பேச்சு அகன்றது. பாட்டின் துணையால் சொற்களைத் திரும்பப் பழகினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரியில், துப்பாக்கிக் கொலைகளைத் தடுக்கும்படி நாட்டின் செனற் சபைக் குழுவின் முன்னே அவர் பேசியது ஏறத்தாழ ஒரு நிமிடமே. ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்துவைத்த அந்த ஒரு நிமிடத்தை உலகம் முழுதும் செவிமடுத்தது.

சக்கரி லிஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவனின் கதையும் அறியத்தக்கது. 2006இல் வாஷிங்டன் மாநிலத்திலே உதைபந்தாட்டம் போன்ற அமெரிக்க ஆட்டமொன்றில் அவன் தலை மோதியது. சற்று ஓய்ந்தபின் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கினான்; ஆட்டம் முடிந்ததும் சரிந்து வீழ்ந்தான். பேசவும் அசையவும் பல மாதங்கள் ஆயின. பின்னர் அவனும் பெற்றோரும் சட்டமியற்றுவோரிடம் சென்று பேசினார்கள். தலையில் அடிபட்ட மாணவனை வைத்தியர் அனுமதியின்றி ஆடவிடலாகாது என்னும் சட்டம் 2009இல் அவன் பெயராலேயே பிறந்தது. சில ஆண்டுகளுள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் அத்தகைய சட்டங்கள் தோன்றின.

இந்தியாவிலே ஜோத்பூர் மகாராஜா கஜ் சிங்கின் மகன் சிவராஜ் சிங் 2005இல் குதிரை மீதமர்ந்து போலோ ஆடுகையில் விழுந்து தலைக்காயமுற்றார். அத்துயரத்திலிருந்தே இந்தியத் தலைக்காய மன்றம் எழுந்தது. அரண்மனையில் பிறந்தாலும் லயத்தில் பிறந்தாலும் கபாலத்தின் கனம் ஒன்றே.

சொல்பவருக்கும் மருந்து

இதிலே இன்னொரு நன்மையும் உண்டு. அதுவே நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அடிபட்டவன் இழப்பவற்றுள் மிகப் பெரியது நினைவாற்றலன்று. தன்னால் பிறருக்குப் பயனுண்டு என்னும் எண்ணமே. அவனுக்கு எல்லாரும் உதவுகிறார்கள். அவனிடம் எவரும் உதவி கேட்பதில்லை. தாய் சோறு போடுகிறாள்; தங்கை மருந்து எடுத்துத் தருகிறாள்; அயலார் இரக்கப்படுகிறார்கள். ஒரு நாள், பாடசாலை ஆசிரியர் ஒருவர் அவன் வாசலுக்கு வந்து, "தம்பி, எங்கள் பிள்ளைகளுக்கு உன் உதவி வேண்டும்" என்று கேட்டால் அவன் நெஞ்சு எவ்வாறு நிமிரும்! தன் கதையை ஒழுங்குபடுத்திச் சொல்ல முயல்வதே அவன் மூளைக்கு ஒரு பயிற்சி. தான் பட்ட பாடு வீணாகவில்லை என்று அறிவது அவன் மனத்துக்கு ஒரு மருந்து.

ஆனால் இது விருப்பத்தோடு நிகழ வேண்டும். வற்புறுத்தலாகாது. பரிதாபத்தைக் கிளறி உண்டியல் குலுக்கும் கூட்டமாகவும் அதனை ஆக்கிவிடலாகாது. அவ்வாறாயின், அவனைப் பார்னத்தின் பொருட்சாலைக்கே மீண்டும் அனுப்பியவர்கள் ஆவோம். அன்று மது அருந்தியிருந்ததை அவன் ஒப்புக்கொண்டால், அது துணிவு. அதைக்கொண்டு பின்னர் அவனை இகழ்தல் கீழ்மை. அடிபட்ட மூளை விரைவில் களைக்கும். பேரொலியும் பெருங்கூட்டமும் அதற்கு ஆகா. சிலருக்கு வலிப்பும் வருவதுண்டு. ஆகவே வைத்தியரின் ஆலோசனையும் குடும்பத்தாரின் இசைவும் வேண்டும். ஒலிபெருக்கியைச் சற்றுத் தாழ்த்தி வைக்கவும் வேண்டும்.

நம் மலைகளில் இதைத் தொடங்க

நம் மலைநாட்டிலே தலைக்கு வரும் ஆபத்து மோட்டார் சைக்கிளால் மட்டும் வருவதன்று. குளவி கலைந்து துரத்த, ஓடுகின்ற பெண் தேயிலைத் தூரில் கால் சிக்கிப் பாறையில் விழுகிறாள். மழைக்காலத்தில் லயத்துக் கற்படிகள் வழுக்குகின்றன. கிளை வெட்ட மரமேறியவர் தவறி வீழ்கிறார். சிறுவர் நீர்வீழ்ச்சிப் பாறைகளில் குதிக்கிறார்கள். ரயிலின் மிதிபலகையில் தொங்கிப் படம் எடுத்துக்கொள்வது இளைஞர்க்குப் புதுப் பெருமையாகிவிட்டது. இவை ஒவ்வொன்றிலும் அடிபட்டு எழுந்தோர் நம்மிடையே இருக்கிறார்கள். ஆதலால் பேச்சாளர் ஆண்களாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. கொழுந்து மலையில் விழுந்த தாயும் பேசலாம்.

பெரிய மேடை தேவையில்லை. முதலில் தன் லயத்துச் சிறுவர் ஐவரிடம் பேசட்டும், பின்னர் ஒரு வகுப்பறை, அதன்பின் மண்டபம். கையிலே ஒரு சிறு அட்டை இருக்கட்டும்: முன்னர் நான் எப்படி இருந்தேன், அன்று என்ன நடந்தது, இன்று எனக்கு எது கடினம் என்னும் மூன்று குறிப்புகள் போதும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மறந்த சொல்லை எடுத்துக்கொடுக்கத் தங்கையோ தாயோ அருகில் நிற்கலாம். அவர் மறந்து தடுமாறும் அந்தக் கணமே மாணாக்கருக்கு மிகச் சிறந்த பாடமாக அமையும். முடிவிலே மாணாக்கர் வினா எழுப்பட்டும். பேச வருபவருக்குப் பஸ் செலவும் ஒரு வேளை உணவும் கொடுப்பது அழைப்போர் கடமை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலே பயிலும் நம் வருங்கால ஆசிரியர்கள் இப்பணியைக் கைக்கொண்டால், பல தோட்டப் பாடசாலைகளுக்கு அது பரவும்.

கேட்போர் வீடு திரும்பும்போது கையோடு கொண்டுபோகச் சில செய்திகளும் வேண்டும். நல்ல தலைக்கவசம் மோட்டார் சைக்கிளில் செல்வோரின் தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 பங்கும், மரண அபாயத்தை 42 பங்கும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. ஆனால் தாடையின் கீழ் வாரை மாட்டாத கவசம், விழும்போது தலைக்கு முன்னே தரையில் உருண்டோடிவிடும். பின்னால் அமர்பவருக்கும் கவசம் வேண்டும். சட்டமும் அதையே சொல்கிறது.

ஒருவர் தலையில் அடிபட்டு விழுந்தால், அவரை வாரித் தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்துப் போடலாகாது, கழுத்தை அசைக்கலாகாது, வாயில் நீர் ஊற்றலாகாது. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். இந்திய அரசின் உதவியோடு 2016இல் தொடங்கிய சேவை அது. இன்று நாடெங்கும் இயங்குகிறது. "ஒன்றுமில்லை, சிறு அடிதான்" என்று எழுந்து நடந்தவரையும் ஒரு நாளேனும் கவனிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தமோ நீரோ ஒழுகுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். கோடாங்கியிடம் போகும் அந்த ஓர் இரவே உயிரைக் கொண்டுபோய்விடக்கூடும்.

உலகிலே 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் உயிரை வேறெதனினும் மிகுதியாகப் பறிப்பது வீதி விபத்தே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2021ஆம் ஆண்டில் மட்டும் வீதியில் மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். இவ்வளவு பெரிய எண் நம் மனத்தில் நிற்பதில்லை. ஒரு முகம் நிற்கும்.

நாம் முன்னே கூறிய இளைஞனின் முகம் நம் மனத்தில் நிற்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. நாம் அவ்வீட்டிலிருந்து விடைபெற்ற மாலையிலே, லயத்தின் கீழ்ப் பாதையில் அயல் வீட்டுப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளை முடுக்கினான். தலைக்கவசம் தலையில் இருந்தது. வார் மட்டும் தாடையருகே தொங்கிக்கொண்டிருந்தது. இஸ்தோப்பில் அமர்ந்திருந்தவன் எழுந்தான். படிகளில் மெல்ல இறங்கிச் சென்று, வண்டியின் கைப்பிடியைப் பற்றினான். ஏதோ சொல்ல வாய் திறந்தான், சொல் வரவில்லை. சற்றே நின்று, தன் இரு கைகளாலும் அந்த வாரை எடுத்து மாட்டி இறுக்கிவிட்டான். பின்னர் தன் நெற்றியில் உள்ள தழும்பைத் தொட்டுக் காட்டி, "எனக்கு... போட்டிருக்கல" என்றான்.

பையன் சிரிக்கவில்லை. தலையை அசைத்துவிட்டு, வண்டியை மெதுவாகவே செலுத்திச் சென்றான். வாசலில் நின்ற தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டே சொல்லில் ஒரு சொற்பொழிவு முடிந்துவிட்டது. அதற்கு மேசை விரிப்பும் பூச்சாடியும் வேண்டியிருக்கவில்லை. நம் தோட்டத்துப் பெற்றோரையும், ஆசிரியரையும், இளைஞர் மன்றத்தாரையும் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. உங்கள் லயத்து இஸ்தோப்பிலும் இத்தகையவர் ஒருவர் அமர்ந்திருக்கலாம். அவரிடம் சென்று, அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாய்க் கேளுங்கள். அவருக்கு விருப்பமாயின், அடுத்த முறை உங்கள் பாடசாலை மண்டபத்திலே அதிகாரிக்கு அருகில் இன்னொரு நாற்காலியையும் போட்டு வையுங்கள்.